அரைச் சுத்து

இல்லம்மா, அதை மட்டும் கழட்டாதே. கிடார்ல மத்த அஞ்சு கீயையும் மாத்திக்கோ, புதுசு போடு, தங்கத்துல வேணும்னாலும் போடு. மூணாவது கம்பியை முறுக்குற கீ மட்டும் பழசே இருக்கட்டும். ஆமா, துருப்பிடிச்சிருக்கு, தெரியும். எனக்குந்தான் துருப்பிடிச்சிருக்கு, என்னை வீட்ல மாத்திட்டாங்களா.

ஏன்னு கேட்டா என்ன சொல்றது. ராசியான கீ. கடல்ல விழுந்த ஒரு ஏரோப்ளேனோட இறக்கையிலேருந்து வெட்டி எடுத்த இரும்பு அது. சிரிக்காதே. சரி, இறக்கை அலுமினியந்தான், ஒத்துக்கிறேன். கடை போர்டுல அண்ட் சன்ஸ்னு பாத்துட்டு, உள்ள எவனாவது ஒருத்தன் உக்காந்திருப்பான், ஒரு கதையைச் சொல்லி வேலையை முடிச்சுக்கலாம்னு வந்தேன். வந்து பாத்தா சன்ஸ் ஒருத்தரையும் காணோம், நீ உக்காந்திருக்கே, ஒத்தைக் கண்ணுல பூதக்கண்ணாடி மாட்டிக்கிட்டு. அப்பா போர்டை மாத்தலையா. ஓ, மகனுங்க திரும்பி வருவானுங்கன்னு பாக்குறாரா. இருக்கட்டும், இருக்கட்டும். உள்ள வர்றவனுக்கும் ஒரு அதிர்ச்சி வேணும்ல.

ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு வேணும்மா. நாளைக்கே முடிஞ்சிடுமா. நல்லது. அது என்ன சீட்டு. செஞ்ச வேலையையெல்லாம் வரிசையா எழுதி, கிடார் கழுத்துல கட்டித்தான் அனுப்புவியா. நல்ல பழக்கம். டாக்டருங்க செஞ்சா எவ்வளவு நல்லாருக்கும்.

நான் யாருன்னு கேட்டியா. கேக்கலையா. சரி, கேட்டதா வெச்சுக்கோ, நான் ஸ்டூல்ல உக்காந்தே சொல்றேன். நானும் கிடார் வாசிச்ச ஆளுதான். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல ஒரு பெரிய ஓட்டல் இருந்துச்சு, அங்க சாயங்காலம் பேண்டு. அஞ்சு பேரு, அதுல ரெண்டு கிடார். என் பேரு மிஷின். அப்பா அம்மா வெச்ச பேரு வேற, ஆனா வீட்டுக்கு வர்ற தபால்லயே மிஷின் அவர்கள்னுதான் இருக்கும். அவ்வளவு வேகம், அவ்வளவு சுத்தம். ஒரு தடவை ஒரு ஓட்டு ஓட்டினேன் பாரு, டிரம்மர் குச்சியைக் கீழ வெச்சுட்டு, நீ முடிச்சதும் ஆள் அனுப்பு, நான் வந்து சேந்துக்கிறேன்னு டீ குடிக்கப் போயிட்டான். கம்பி சூடேறி, முன்னாடி உக்காந்திருந்த ஒருத்தரு அதுல சிகரெட்டைப் பத்த வெச்சுக்கிட்டாரு. சரிம்மா, சிகரெட்டு பொய். டீ குடிக்கப் போனது நெசம்.

சும்மா வரல அந்த வேகம். காலையில நாலு மணி நேரம், மத்தியானம் ரெண்டு மணி நேரம், பக்கத்துல டக்கு டக்குன்னு தாளம் தட்டுற மெட்ரோனோம். எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம் அதுக்குப் பயந்தே நேரம் தப்பாம ஓடுச்சு. வீட்டுக்காரி காய் நறுக்கினாக்கூட அந்தத் தட்டுக்குத்தான் நறுக்குவா, பாவம், வேற வழி.

இன்னொரு கிடார் என் மச்சான். வீட்டுக்காரியோட கூடப்பொறந்த அண்ணன். நீ மடியில வெச்சிருக்கியே, இது அவனோடதுதான். பிராக்டிஸ்னா என்ன மச்சான்னு கேக்குற ஜாதி. கிடார் பெட்டியைத் தொறந்தா உள்ள துவைக்காத துணி இருக்கும், கிடாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ்ல வருவான். சட்டையில பொத்தான் ஒண்ணு விட்டு ஒண்ணு. சுருதி சேக்கக்கூடச் சோம்பேறித்தனம், என் கிடாரோட சேத்து அவனோடதையும் நான்தான் சேத்து வெப்பேன். வேகமான பாட்டு வந்தா, நீ போயிட்டு வா மச்சான், நான் இங்கயே நிக்கிறேன்பான்.

ஆனா மெதுவான பாட்டு ஒண்ணு வந்து, நடுவுல கிடாருக்குன்னு ஒரு இடம் விட்டாங்கன்னு வையி. மூணே மூணு நோட்டுதான் வாசிப்பான். மூணாவது கம்பியை விரலால மேல தள்ளி, தள்ளி, ஒரு நோட்டைக் கொண்டு வந்து நிறுத்துவான் பாரு. அவ்வளவுதான். சமையல்கட்டுல தலைமைச் சமையல்காரரு, மூட்டை வெங்காயம் உரிச்சாலும் கண்ணு கலங்காத ஆளு, கதவுக்குப் பின்னாடி நின்னு மூக்கைச் சிந்துவாரு. பிரிஞ்சுடலாம்னு வக்கீலைக் கூட்டிக்கிட்டுச் சாப்பிட வந்த ஒரு புருஷன் பொண்டாட்டி, ஒரே தட்டுல சாப்பிட்டுட்டு, கையைப் புடிச்சுக்கிட்டுப் போனாங்க. வக்கீலும் அழுதாரு, அவரு அழுதது வேற காரணம். ஒரு நாளைக்கு முந்நூறு பேராவது அழுவாங்க. சரி, நூறு. அந்தக் கண்ணாடி வழியா என்னைப் பாக்காதேம்மா, முப்பது பேரு. முப்பது சத்தியம்.

நான் முந்நூறு நோட்டு வாசிப்பேன். முடிச்சதும் சனம் கை தட்டும், அப்புறம் தண்ணி கேக்கும்.

பேண்டுல எப்பவும் இதே வாய்ச்சண்டைதான், மனசு பெருசா கை பெருசான்னு. நான் சொல்லுவேன், மனசு ஓட்டல் வாசல்ல நிக்கிற டாக்ஸிக்காரருக்கும் இருக்கு, அவரு கையில கிடாரைக் குடுத்தா என்ன வரும்னு. மச்சான் சிரிப்பான். கரெக்ட்டுதான் மச்சான், ஆனா உன் கை எங்க போகப்போகுதுன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சு போகுது, அப்புறம் நாங்க எதுக்கு உக்காந்து கேக்கணும்பான். இதைச் சொல்லிட்டு என் தட்டுலேருந்தே ஒரு வாய் எடுத்துத் தின்னுவான். கோபப்படவும் முடியாது.

எங்க கல்யாணத்துல அவன் வாசிச்சான். மெதுவான பாட்டு ஒண்ணு. வீட்டுக்காரி அழுதா. பொறந்த வீட்டை விட்டு வர்றாளே, அதான்னு நெனச்சு நான் கைக்குட்டையை நீட்டுறேன். அது இல்லைங்க, அண்ணன் வாசிக்கிறதைக் கேளுங்கன்னா. அடுத்தது நான். மாலையும் கழுத்துமா நின்னுக்கிட்டு, பதினாறு பதினாறா நோட்டைக் கொட்டினேன், ஒரு நோட்டு பிசகல. முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா அழுகை நின்னு போச்சு. முகத்தைத் தொடச்சுக்கிட்டு, எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு கேக்குறா.

ரெண்டு மூணு வருஷம் கழிச்சு நானே வாயை விட்டுக் கேட்டேன், என் வாசிப்புல அப்படி என்னதான்டி குறைன்னு. குறையா, ஒரு குறையும் இல்லைங்க, ஒரு எழுத்துப் பிழை இல்லாம டைப் அடிச்ச மாதிரி இருக்குன்னா. அவ அப்ப ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டு. பாராட்டாத்தான்ம்மா சொன்னா. அதான் வலிச்சுது.

அதுக்கப்புறம் அவனை நான் உளவு பாக்க ஆரம்பிச்சேன். அவன் போடுற கம்பியையே நானும் போட்டேன். அவன் புடிக்கிற மாதிரியே புடிச்சேன். சட்டைப் பொத்தானைக்கூட ஒண்ணு விட்டு ஒண்ணு போட்டுப் பாத்தேன், வீட்டுக்காரி பொத்தான் அறுந்து போச்சான்னு ஊசி நூலோட வந்துட்டா. நம்பு, இது நெசம்.

ஒரு நாள் அவனோட மூணாவது கம்பி அறுந்து போச்சு. மாத்தச் சோம்பேறித்தனம், எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டான். கம்பியைப் போட்டு முறுக்குறேன், இத்தனை நாள் சுருதி சேத்தப்ப கவனிக்கவே இல்ல, கீ கொழகொழன்னு ஆடுது. அதோ, கீயோட வாலுல பொடி ஸ்க்ரூ ஒண்ணு இருக்குல்ல, அது தளர்ந்திருக்கு. உனக்குச் சொல்லணுமா. கம்பியை விரலால அழுத்தித் தள்ளும்போது கீ லேசா வழுக்கும். சுருதி ஒரு மயிரிழை எறங்கிடும். அடுத்த நோட்டுக்கு அவன் இன்னும் கொஞ்சம் மேல தள்ளித்தான் கொண்டு வரணும். அது மறுபடியும் எறங்கும், மறுபடியும் தள்ளணும். அதனால எந்த நோட்டும் நேரா வந்து உக்காராது. கீழேருந்து மூச்சு வாங்கிக்கிட்டு, படியேறி, கதவைத் தட்டி, அப்புறந்தான் உள்ள வரும். ஊரே அழுதது அதுக்குத்தான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கிறே. கூத்தாடணும் போல இருந்துச்சு. மனசு மனசுன்னாங்களே, மனசு கெடக்கு, அரைச் சுத்து ஸ்க்ரூ. அன்னைக்கே வீட்டுக்குப் போயி என் கிடார்ல அதே ஸ்க்ரூவை அதே அளவு தளர்த்திட்டேன். மறுநாள் ஒத்திகையில மெதுவான பாட்டு வந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு, அவன் மூஞ்சி மாதிரியே மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் தள்ளினேன்.

டிரம்மர் நிறுத்திட்டான். பூனையை யாரு மிதிச்சதுன்னு கேட்டான்.

ஒரு மாசம் முயற்சி பண்ணினேம்மா, யாருக்கும் சொல்லாம. அதே ஸ்க்ரூ, அதே தளர்ச்சி, அதே பாட்டு. அவன் கையில அழுகை, என் கையில பூனை. அப்பத்தான் உறைச்சுது. கோளாறு கீயில இருந்துச்சு, வாசிப்பு அவன் காதுல இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் கம்பி எங்க விழுந்து கெடக்குன்னு தேடிக்கிட்டே போவான். அந்தத் தேடுறதுதான் சனத்துக்குக் கேட்டுச்சு. அவனுக்கே தெரியாது, கிடார்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தான். நான் தேடவே மாட்டேன். எனக்குத்தான் வீட்டு நம்பரோட விலாசம் தெரியுமே.

என் ஸ்க்ரூவை முறுக்கி வெச்சுட்டு, பேசாம மிஷினாவே இருந்துட்டேன்.

டீயா. குடு, குடு. சர்க்கரை போட்டாலும் சரி, போடலைன்னாலும் சரி, வீட்டுக்குப் போயிப் போடலைன்னுதான் சொல்லப் போறேன். கீழ வெச்சுடும்மா, நானே எடுத்துக்கிறேன்.

அப்புறம் என்ன. அப்புறம் ஒரு சனிக்கிழமை. என்ன ஆச்சோ ஏது ஆச்சோ, மச்சான் எப்பவும் போலக் கம்பியைத் தள்ளினான், நோட்டு வந்து நிக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயி கீச்சுன்னுச்சு. முன்வரிசையில ஒரு குழந்தை சிரிச்சுது. அவன் முகத்தைப் பாக்கணுமே. படி இருக்குன்னு நெனச்சுக் காலை வெச்சவனுக்குத் தரை வந்துட்டா எப்படி இருக்கும், அப்படி. மறுபடி தள்ளினான், மறுபடி கீச்சு.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. கண்ணு பட்டுடுச்சுன்னு ஒருத்தன். பொண்ணு பாத்துட்டாங்க, புத்தி அங்க போயிடுச்சுன்னு ஒருத்தன். ஓட்டல் மேனேஜர், புது கார்ப்பெட்டு போட்டதாலதான் சத்தம் மாறிடுச்சுன்னு கார்ப்பெட்டையே எடுத்துட்டாரு. நான் எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டிருந்தேன்.

கை பழகிடும்ல. மூணு வாரத்துல பழகிடுச்சு. அளவாத் தள்ளினான், நோட்டு நேரா வந்து உக்காந்துச்சு. கீச்சும் இல்ல, மூச்சும் இல்ல. சுத்தம். ஒரு அழுக்கில்ல. என்னை மாதிரியே வாசிச்சான்ம்மா. சனம் கை தட்டுச்சு, தண்ணி கேட்டுச்சு.

வீட்டுக்காரி அன்னைக்கு ஓட்டலுக்கு வந்திருந்தா. முழுசாக் கேட்டா. அண்ணன் இன்னிக்கு ஒரு தப்புகூட இல்லாம வாசிச்சான்ங்கன்னா.

ஆறு மாசம் தள்ளினான். அப்புறம் ஒரு நாள் கிடாரைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தான், பெட்டியில முதல் தடவையா அழுக்குத் துணி இல்ல. கிடாரு இப்பல்லாம் சுருதி கலையாம நல்லாத்தான் நிக்குது மச்சான், நான்தான் கலைஞ்சு போயிட்டேன்னான். மனசு காஞ்சு போச்சு, இதை நீயே வெச்சுக்கன்னு பரண்ல அவனே ஏறி வெச்சான். எறங்கி வந்து, சாப்பிட என்ன இருக்குன்னு கேட்டான், சாப்பிட்டான், போயிட்டான். பாத்ரூம் டைல்ஸ் கடை போட்டான். இந்த ஊர்ல பாதிப் பேரு அவன் டைல்ஸ்லதான் வழுக்கி விழுந்திருக்காங்க. நல்ல கடை. ஆனா எனக்கு அந்தக் கடைக்குள்ள போகப் புடிக்காது. சதுரம் சதுரமா, ஒரு கோணல் இல்லாம அடுக்கி வெச்சிருப்பான்.

நான் இன்னும் பதினஞ்சு வருஷம் வாசிச்சேன். தப்பில்லாம.

நாப்பத்தோரு வருஷம் இது பரண்லயே கெடந்துச்சு. இப்ப எதுக்கு எறக்கினேன்னா, ஞாயித்துக்கிழமையோட எங்களுக்குக் கல்யாணம் ஆகி அம்பது வருஷம். பசங்க அவங்க அம்மாகிட்ட, என்னம்மா வேணும், வளையலா, வெளியூர்ப் பயணமான்னு கேக்குறாங்க. அவ யோசிக்கக்கூட இல்ல. எங்க கல்யாணத்துல வாசிச்ச பாட்டை அண்ணன் இன்னொரு தடவை வாசிச்சாப் போதும்னுட்டா. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், நானும் ஒரு கிடார்க்காரன். சரி விடு. அவளே போன் போட்டா. அவன், எங்கிட்ட என்னடி இருக்கு வாசிக்க, சரி, உனக்காகத் தொட்டுப் பாக்குறேன்னானாம். எழுபத்தாறு வயசு. அவனுக்கு இன்னொரு ஞாயித்துக்கிழமை வரும்னு எவன் கண்டான். எனக்குத்தான் வருமா.

என்ன பாக்குறே, கண்ணாடியை இவ்வளவு கிட்டக் கொண்டு போயி. என்ன. மத்த அஞ்சு ஸ்க்ரூவுக்கும் தலை நல்லா இருக்கு, இது மட்டும் கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கா. பொருந்தாத திருப்புளியை வெச்சு யாரோ முறுக்கியிருக்காங்களா.

அண்ட் சன்ஸ் இருந்திருந்தா இதெல்லாம் கண்டுபிடிச்சிருக்க மாட்டானுங்க.

திருப்புளி இல்லம்மா, பேனாக்கத்தி. அந்தச் சனிக்கிழமை மத்தியானம், மச்சான் முடிவெட்டிக்கப் போயிருந்தான். ரெண்டு கிடாரையும் சுருதி சேத்துக்கிட்டிருந்தேன். அரைச் சுத்துதான் முறுக்கினேன். ஒரு நிமிஷ வேலை.

இல்ல, இது கதை இல்ல. கதைன்னா அதுல ஏரோப்ளேன் இருக்கும்மா.

அதே அரைச் சுத்து திருப்பி விட்டுடு. காலும் வேணாம், முக்காலும் வேணாம், சரியா அரை. நானே செஞ்சிருப்பேன், நேத்து பூரா பேனாக்கத்தியை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டிப் பாத்தேன், கை நிக்கல. இதோ பாரு, கிளாஸை எடுத்தா டீ பாதி உன் மேஜைக்குத்தான். இதுதான் மிஷின். ரெண்டு வருஷமா இப்படித்தான்.

எனக்குத் தெரியும்மா, விரலெல்லாம் டைல்ஸ் தூக்கித் தூக்கிக் காச்சுப் போயிருக்கும், பழைய வாசிப்பு திரும்பி வருதோ இல்லையோ. வந்தா அவனோடது. வரலைன்னா, அந்தப் பழி என்னோடது.

அவன்கிட்ட இதை எப்படிச் சொல்லப் போறேன்னுதானே கேக்குறே. நாப்பத்தோரு வருஷமா வாரத்துக்கு ஒரு தடவையாவது பாக்குறேன் அவனை. எத்தனை கதை சொல்லியிருப்பேன், இதுக்கு மட்டும் வாய் வரல. ஆனா அவன் எதைக் குடுத்தாலும் படிப்பான். மருந்து பாட்டில்ல ஒட்டின தாளைக்கூட ஒரு வரி விடாமப் படிச்சுட்டுத்தான் மூடியைத் தொறப்பான். கிடார் கழுத்துல சீட்டு தொங்கினா, வாசிக்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் எடுத்துப் படிப்பான்.

எழுதும்மா. அஞ்சு கீ மாத்தினது, கம்பி போட்டது, துடைச்சது, எல்லாம் எழுது. கடைசியில, மூணாவது கீ அரைச் சுத்து தளர்த்தப்பட்டதுன்னு எழுது. அதுக்குக் கீழ, முன்னாடி அதை முறுக்கினவர்னு போட்டு ஒரு கோடு விடு. கோட்டு மேல நான் கையெழுத்துப் போடுறேன். பேனா குடு. ஆடும்தான், கிறுக்கலா வரும்தான், அவன் கண்டுபிடிச்சுடுவான். நீ சீட்டை மட்டும் அசையாமப் புடிச்சுக்கோ.